பதினோராவது வளைவு

"லேசா ஒரு துண்டுத் துணி இருக்காக்கா?" என்று ரேடியேட்டர் கடைக்காரி கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையல்காரியிடமே துணி இருக்கிறதா என்று கேட்கிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். எங்கள் வண்டியில் கட்டில் இடுக்கில், சாப்பாட்டு மேசைக்கு அடியில், டிரைவர் சீட்டுக்குப் பின்னால், எங்கே கையை விட்டாலும் துணிதான் வரும். சல்லாத் துணியில் ஒரு முழம் கிழித்துக் கொடுத்தேன். அவள் அதை வாங்கிக்கொண்டு வண்டியின் பின்பக்கம் போனாள். என் வீட்டுக்காரரை, இவரை, இன்ஜினை ஓடவிட்டு நன்றாக மிதிக்கச் சொன்னாள். ரேடியேட்டருக்கு வெளியே இருக்கிற கம்பி வலைக்கு நேராகத் துணியை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டாள்.

துணி சும்மா தொங்கியது. இன்னும் மிதிக்கச் சொல்லிக் கத்தினாள். இன்ஜின் உறுமியது, வண்டிக்குள் என் பாத்திரங்கள் கலகலத்தன, துணியின் ஓரம் மட்டும் ஏதோ வேண்டாவெறுப்பாக ஆடியது.

"பார்த்தீங்களா? விசிறி இன்ஜின் பக்கத்துக் காத்தை இழுத்து, ரேடியேட்டர் வழியா இப்படி வெளிய தள்ளணும். இந்நேரம் இந்தத் துணி பறந்துபோய் அந்தச் செவுத்துல ஒட்டியிருக்கணும்க்கா. காத்தே வரலை."

இதைச் சொல்ல அவளுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதற்கு முன்னால் மூன்று மெக்கானிக்குகள் ஒன்றரை வருஷமாக எங்கள் வண்டியைப் புரட்டி எடுத்திருந்தார்கள். ஒருத்தர் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். இன்னொருத்தர் தண்ணீர் பம்பை மாற்றினார். மூன்றாமவர் டீசல் பில்டரில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்வந்தார். மூன்று பேருமே பின்பக்க வலை வழியாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ரேடியேட்டர் பளபளவென்று இருக்கிறது என்று சொன்னார்கள். மாற்றுவதற்குப் பாகம் எதுவும் மிச்சமில்லை என்றானதும் மூன்று பேரும் ஒரே மாதிரி இவர் காலைத்தான் பார்த்தார்கள். அண்ணனுக்கு வயசாகுதில்ல என்று இழுத்தார்கள்.

இவர் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற வருஷம், ஓடித் தேய்ந்த ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, சீட்டுகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பேரும் சேர்ந்து அதை வீடாக்கினோம். முன்னால் இவர் இடம். அதற்குப் பின்னால் அடுப்பும் தொட்டியும் மேசையும். நடுவில் என் தையல் மிஷின். கடைசியில் கட்டில், அதற்குக் கீழே இன்ஜின். ஊர் ஊராகப் போய் நிறுத்துவோம், வெளியே தையல் என்று ஒரு பலகை மாட்டுவோம். வருஷத்தில் பாதி மலைக்கு இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். அந்தப் பக்கத்தில்தான் பெரிய விடுதிகள், ஆஸ்பத்திரி, என்னை விட்டால் வேறு ஆளிடம் துணியைக் கொடுக்காத பள்ளிக்கூடங்கள் எல்லாம் இருந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்தாற்போல் சந்தோஷமாக இருந்தது இந்த வண்டியில்தான் என்று யார் கேட்டாலும் சொல்வேன். அதற்கு முன்னால் இவர் எப்போதும் ஏதோ ஒரு ரூட்டில் இருந்தார், நான் வீட்டில் இருந்தேன்.

ஒன்றரை வருஷத்துக்கு முன்னால்தான் மலை எங்களை ஏற விடாமல் படுத்த ஆரம்பித்தது. சமதளத்தில் வண்டி பட்டுப் போல் ஓடும். ஏற்றம் வந்ததும் இழுவை குறையும், பின்னால் கரும்புகை வரும், சூடு காட்டும் முள் மெல்ல எழுந்து சிவப்பைப் பார்க்கும். எத்தனை ஓரம் கட்டி ஆற விட்டாலும், பதினோராவது வளைவுக்கு வரும்போது கொதித்துவிடும். முதல் இரண்டு தடவை எப்படியோ தட்டுத்தடுமாறி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தோம். மூன்றாவது தடவை, இரண்டு மாசத்துக்கு முன்னால், அது அந்த வளைவில் மூச்சை விட்டது. இவர் இறங்கிப் போய்ப் பின்சக்கரத்துக்கு ஒரு பெரிய கல்லை அண்டக் கொடுத்தார். ரேடியேட்டரின் பச்சை நிறத் தண்ணீர் தார் ரோட்டில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றோம். அப்புறம் இவர் வண்டியை அங்கேயே திருப்பிக் கீழே இறக்கிக் கொண்டுவந்துவிட்டார்.

அடிவாரத்துக்கு வந்த பிறகுதான் சொன்னார், கல்லை எடுத்துப் போடாமல் வந்துவிட்டேன் என்று. யாராவது எடுத்திருப்பார்கள் என்றேன். அந்த வாரம் முழுக்க, சோற்றில் கை வைத்துக்கொண்டு, பல் தேய்த்துக்கொண்டு, ரோட்டில் கல்லைப் போட்டுவிட்டு வந்துவிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வளைவில் பனி இறங்கினால் கண் தெரியாது, பைக்கில் வருகிறவன் என்ன ஆவான் என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. கொதித்துப்போன இன்ஜினை விட்டுவிட்டு இந்த மனுஷன் கல்லைப் பற்றி யோசிக்கிறாரே என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். என்னை நானே சந்தேகப்படுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒருத்தருக்கு அளவெடுத்தால் எடுத்ததுதான், இரண்டாவது தடவை டேப்பை வைக்க மாட்டேன், இதுவரைக்கும் தப்பானதுமில்லை. இன்ஜின் எனக்குத் தெரியாது. ஆனால் முதல் தடவை முள் ஏறியபோதே, இவர் கியரை நேரத்துக்கு மாற்றவில்லை, வண்டியை முக்க விடுகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு மூன்றாவதில் போடுங்க, இப்ப மிதிக்காதீங்க என்று பாடம் எடுத்தேன். மெக்கானிக்குகள் இவர் காலைப் பார்த்தபோது நானும் பார்த்தேன். வளைவிலிருந்து திரும்பி வந்த அன்றைக்கு மகனுக்குப் போன் போட்டு, அப்பாவுக்கு முன்ன மாதிரி கால் பதமா விழலைடா என்று சொன்னதும் நான்தான்.

மகன் காரியக்காரன். ஒரு மாசத்துக்குள் வண்டியைக் கடையாக்கிக்கொள்ள ஓர் ஆளைப் பிடித்துவிட்டான். எங்களுக்குத் தன் வீட்டில் கீழ் அறையை ஒழித்து வெள்ளையடித்தும் வைத்துவிட்டான். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கு எட்டும். ஞாயிற்றுக்கிழமை அந்த ஆள் வருவதாக ஏற்பாடு. இவர் மறுத்துப் பேசவே இல்லை, வித்துடலாம் என்றார். எதற்கும் கோபப்படுகிற மனுஷன் இதற்குக் கோபப்படாதது எனக்குத் திக்கென்றிருந்தது. வழியில் பார்த்த ஒரு லாரி டிரைவர் இந்த ரேடியேட்டர் கடையைச் சொன்னதும், கடைசியாக ஒரு தடவை என்று நான்தான் பிடிவாதம் பிடித்துக் கூட்டி வந்தேன். சனிக்கிழமை மலை ஏறிப் பார்ப்பது, ஏறவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுவது என்று பேச்சு. கடைக்காரி துணியைப் பிடித்துப் பார்த்தது வியாழக்கிழமை.

அவளுக்கு நாற்பது வயதிருக்கும். கையில் எப்போதும் ஒரு ஸ்பேனர், காதில் ஒரு பென்சில். வெளியிலிருந்து பார்த்தால் பளபளப்பாகத்தான் இருக்கும், அழுக்கு உள்பக்கம்தான் ஒட்டும் என்று சொல்லிக்கொண்டே எங்கள் கட்டில் பலகையைத் தூக்கி நிறுத்தினாள். மெத்தையெல்லாம் அடுப்புப் பக்கம் வந்துவிட்டது. விசிறியைச் சுற்றியிருந்த கூட்டைக் கழற்றினாள். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் இரண்டு பெட்டிகள். ஒன்று இன்ஜினுக்குள் போகிற காற்றைக் குளிர வைப்பது, இன்னொன்று ரேடியேட்டர். முதல் பெட்டி அடைத்தால் இழுவை போகும், புகை வரும், இரண்டாவது அடைத்தால் கொதிக்கும், உங்களுக்கு ரெண்டும் இருக்குதுண்ணே என்றாள். இவர் தலையாட்டினார். சுத்தம் பண்ண நிறையத் தண்ணீர் வேண்டும் என்றதும், வாளியை எடுத்துக்கொண்டு தெருக்கோடிக் குழாய்க்குப் போனார்.

அவர் போன பிறகுதான் அவள் கையை விட்டு அதை இழுத்தாள். கம்பளி மாதிரி கெட்டியாக, ஒரு விரல் தடிமனில், எண்ணெய் ஊறி, பாளம் பாளமாக வந்தது.

"என்னக்கா இது? ரோட்டுப் புழுதி இப்படி வராதே. மெத்தை மாதிரி இருக்கு."

அவள் நீட்டியதை வாங்கி விளிம்பைப் பிரித்தேன். மேலே இருந்தது மெரூன். எண்ணெயில் கறுத்திருந்தாலும் எனக்கு நூல் தெரியாதா? விடுதிக்குத் தைத்த திரைச்சீலை, கடைசி ஆர்டர். அதற்குக் கீழே வெளிர்நீலம், ஆஸ்பத்திரிச் சீருடை, நூற்றிருபது உருப்படி. அதற்கும் கீழே வெள்ளை, தலையணை உறைகள். பிறகு பந்தாட்டப் பையன்களின் பச்சை. எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் இருந்தது. குழந்தைகள் பள்ளிக்கு மேலங்கி தைத்த துணி அது. அந்த மஞ்சளைத் தைத்த வாரத்தில்தான் என் முட்டி வீங்கிப்போய்க் குனியவே முடியாமல் இருந்தேன்.

குனிந்து முறத்தில் குப்பை அள்ள முடியாமல் நான் மிஷினடியில் அழுதுகொண்டு நின்றதை இவர் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலமே வண்டியின் தரையில், மிஷினுக்கும் கட்டிலுக்கும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை போட்டார். காலால் தள்ளினால் திறக்கிற மாதிரி ஒரு மூடியும் வைத்தார். இனிமேல் நின்னுகிட்டே தள்ளிவிடு என்றார். காலையில் இவர் இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்குகிற ஐந்து நிமிஷம்தான் நான் பெருக்குகிற நேரம். மூடியைத் தள்ளினால் போதும், நூலும் பிசிறும் தூசியும் விறுவிறுவென்று தாமே ஓடிப்போய் உள்ளே விழும். துடைப்பத்துக்கே வேலை வைக்காது. காற்று இழுக்கிறது என்று நான் எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன். எந்தக் காற்று இழுக்கிறது என்று மட்டும் இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட யோசிக்கவில்லை.

கடைக்காரி என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் துடைப்பத்தைப் பார்த்தாள். கடைசியில் குனிந்து தரையில் இருந்த மூடியைப் பார்த்தாள். இன்ஜின் மூச்சு விடுகிற குழாய் ஒன்று இருக்கிறது, அதிலிருந்து எண்ணெய்ப் புகை லேசாக வரும், விசிறிக்கு நேராக இருந்ததால் அதுதான் பசையாகப் பிடித்துக்கொண்டது, அதைக் கீழே நீட்டி விட்டுவிடுகிறேன் என்று பொதுவாகச் சொன்னாள். நான் மூடியைக் காலால் அழுத்திச் சாத்தினேன்.

"ஓட்டைக்குத் தகரம் அடிச்சிடட்டுமாக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

அடிக்கச் சொன்னேன். இவர் இரண்டு வாளித் தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் அடித்துவிட்டாள். நான் அந்தப் பாளத்தில் ஒன்றை மட்டும் ஒரு துணியில் சுற்றி என் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை அவள் குப்பைத் தொட்டியில் அமுக்கினேன். என்ன இருந்தது என்று இவர் கேட்டார். அழுக்கு என்றேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க ஊறப்போட்டுக் கழுவினாள். தண்ணீரை வேகமாக அடித்தால் மெல்லிசுத் தகடெல்லாம் மடங்கிவிடும் என்று, சோப்புத் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்குப் பக்கத்துக்குத் தள்ளினாள். வழிந்து ஓடிய தண்ணீரில் மெரூனும் நீலமும் கலந்து கறுப்பாகப் போனதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவர் அவளுக்குக் கூடமாட ஒத்தாசை பண்ணினார். சாயங்காலம் எல்லாவற்றையும் பூட்டி முடித்துவிட்டு அதே சல்லாத் துணியைத் தொங்கவிட்டாள். இவர் மிதித்தார். துணி அவள் விரலை விட்டுப் பிய்த்துக்கொண்டு போய் எதிர்ச் சுவரில் அப்பிக்கொண்டது. அவள் அதை எடுக்கக்கூட இல்லை, பார்த்துக்கொண்டே கையைத் துடைத்தாள்.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். இவர் இன்ஜினை ஓடவிட்ட ஐந்து நிமிஷமும் நான் துடைப்பத்தைத் தொடவில்லை. கிளம்புமுன் வண்டிக்குள் ஒரு நடை நடந்து எல்லாக் கதவும் சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பது இவர் வழக்கம். மிஷின் பக்கம் போனவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு வந்து சீட்டில் உட்கார்ந்து கியரைப் போட்டார்.

முதல் வளைவிலிருந்தே பாடம் எடுப்பதை நிறுத்திக்கொண்டேன். முள்ளையும் பார்த்தேன், இவர் காலையும் பார்த்தேன். மூன்றாவது வளைவில் கியரை இறக்கினார். நான் எப்போதும் கத்துகிற அதே இடத்தில், நான் கத்தாமலே, எப்போதும் போல் இறக்கினார். ஐந்தாவதில் எதிரே வந்த பஸ்ஸுக்கு வழி விட்டு, கை காட்டிவிட்டு, மறுபடி ஏற்றினார். புகை இல்லை. எட்டாவது வளைவில் வண்டி இவர் கேட்டதைக் கொடுத்தது. முள் நடுவில் படுத்தது படுத்தபடி கிடந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு வளைவும் ஏற ஏற என் கண் முள்ளை விட்டு இவர் காலுக்கே போனது. இவர் எதையும் மாற்றி ஓட்டவில்லை. ஒன்றரை வருஷமாக எப்படி மிதித்தாரோ அப்படித்தான் மிதித்தார். அதே கால், அதே பதம். முப்பத்தொரு வருஷம் ஊரையே ஏற்றி இறக்கிய அந்தக் காலைத்தான் நான் மகனிடம் குறை சொன்னேன்.

பத்தாவது வளைவு தாண்டியதும் வேகத்தைக் குறைத்தார். திடுக்கிட்டு முள்ளைப் பார்த்தேன், அது அசையவில்லை. பதினோராவது வளைவில், தார் ரோட்டின் ஓரத்தில், அந்தப் பச்சை நிறத் தண்ணீர் காய்ந்த கறை இன்னும் இருந்தது. அதன் பக்கத்தில் கல்லும் இருந்தது, நாங்கள் விட்டுப்போன இடத்திலேயே. இவர் அதைத் தாண்டிக்கொண்டு போய், வண்டியின் பின்பக்கம் கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நிற்கிற மாதிரி நிறுத்தினார். மலையிலேயே செங்குத்தான இடம் அது. நின்ற வண்டியை அங்கே கிளப்புவதற்கு இன்ஜினும் வேண்டும், காலும் வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். இன்ஜினை அணைக்கவில்லை.

"இன்ஜின் ஓடுறப்ப ஏத்தத்துல வண்டியை விட்டு நான் இறங்கக் கூடாது. நீதான் எடுத்துப் போடணும். முட்டி தாங்குமா?"

தாங்கும் என்றேன். ஆனால் எழுந்திருக்கவில்லை. பையைத் திறந்து, துணியில் சுற்றியிருந்த பாளத்தை எடுத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் வைத்தேன். இவர் அதைப் பிரிக்கக்கூட இல்லை.

"தகரம் அடிச்சிருந்ததைப் பார்த்தேன். குப்பைத் தொட்டியையும் பார்த்தேன். ஓட்டையைப் போட்டது நான்தானே, அதுக்கு என்ன இப்ப."

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். முன்கண்ணாடி வழியாக ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் காலைப் பத்தி பையன்கிட்ட நீ சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அதுதான் உள்ள தைச்சிடுச்சு."

மூன்று மெக்கானிக்குகள் சொன்னபோது இவர் நம்பவில்லை. நான் சொன்னதால் நம்பிவிட்டார். அதனால்தான் விற்றுவிடலாம் என்றபோது கோபம் வரவில்லை. இது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மன்னிச்சிடுங்க என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் இவர் மட்டும் இல்லை என்று தோன்றியது. போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மகனைக் கூப்பிட்டேன். ஏறிவிட்டதா என்றுதான் அவன் முதலில் கேட்டான்.

"அப்பா கால்ல ஒரு குறையும் இல்லடா. அவர் எப்பவும் ஓட்டுற மாதிரிதான் ஓட்டினார். நான் பெருக்கித் தள்ளின குப்பைதான் ரேடியேட்டரை அடைச்சிருந்துது. தெரியாம அவர்மேல சொல்லிட்டேன். நான் சொன்னது தப்பு."

என்னம்மா, இன்னொரு தடவை சொல்லு என்றான். அம்மா தப்பு என்று சொல்லி அவன் கேட்டதே இல்லை. பிறகு, நாளைக்கு வர்ற ஆள்கிட்ட என்ன சொல்றது என்று கேட்டான். நான் போனை இவர் பக்கம் நீட்டினேன். வழக்கமாக நான்தான் எல்லாவற்றுக்கும் பதில் சொல்வேன்.

இவர் முள்ளைப் பார்த்தார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தார்.

"வண்டி ஏத்தத்துல நிக்குதுப்பா. ஓட்டும்போது போன் பேச மாட்டேன்னு தெரியும்ல. மேல போய்ப் பேசறேன்."

நான் பின்பக்கமாகத் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினேன். வெளியே நல்ல குளிர். சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வண்டியின் ஓரமாகவே பின்னால் நடந்தேன். கல் நான் நினைத்ததைவிடப் பெரிசு. தூக்க முடியாது. முட்டியை மடக்காமல், இடுப்பை வளைத்து, இரண்டு கையாலும் உருட்டினேன். அது ஒரு புரண்டு நின்றது, மறுபடி உருட்டினேன், மறுபடி நின்றது. தடுப்புச் சுவரின் அடிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. ரோட்டில் இப்போது கறை மட்டும்தான் இருந்தது.

நிமிர்ந்து திரும்பியபோது வண்டியின் பின்புற வலைக்கு நேராக நின்றிருந்தேன். உள்ளேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. சால்வை தோளை விட்டுக் கிளம்பி, எனக்குப் பின்னால் நீளமாக, நேராகப் பறந்தது. அதைப் பிடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஓரமாகத் தலையை நீட்டியபோது, முன்னால் பக்கக் கண்ணாடியில் இவர் முகம் சின்னதாகத் தெரிந்தது. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கை ஸ்டியரிங்கில் இருந்தது, இன்னொரு கை ஹேண்ட்பிரேக்கில் இருந்திருக்கும். நான் ஏறி உட்காருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.